மவுஸ் நின்றால் கணினி கெட்டதாகாது

2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளால் ஏரியூர் வட்டாரத்துச் சிற்றூர்களிலும் கணினி இடம்பெற்றது. மவுஸ் அசையாதபோது உடனே கணினியை 'ரெக்கவரி' செய்ய முற்படுவது, ஓர் இலை வாடியதற்காக வயலையே உழுதுவிடுவதை ஒக்கும்.

முதலில் மவுஸைக் கழற்றி வேறு துளையில் செருகுக. அடியிலுள்ள ஒளிக்கண்ணின் தூசியைத் துடைக்க. கம்பியில்லாததாயின் பேட்டரியை மாற்றுக. வேறொரு கணினியிலும் இயங்காவிடில் பழுது மவுஸிலேயே உள்ளது.

கணினியே சரிவரத் தொடங்காவிடில், 'சிஸ்டம் ரீஸ்டோர்' முறையை முதலில் நாடுதல் நலம். அது அமைப்புகளை முன்னைய நாளின் நிலைக்குத் திருப்புமேயன்றி, நம் கோப்புகளைத் தொடாது. தொழிற்சாலை நிலைக்கு மீட்பதோ சான்றிதழ், பட்டா நகல், படங்கள் யாவற்றையும் அழித்துவிடும். ஆகவே, பழுதுபார்ப்பவரைக் கொண்டாவது அவற்றைப் பென் டிரைவில் நகலெடுத்த பின்னரே அதனைச் செய்யுமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.