ஊட்டச்சத்து மாசு: ஒரு நீர்நிலைக்கு ஒரே கணக்கு வேண்டும்

ஆறும் ஏரியும் மாசுபடுவது என்றால் சாயக்கழிவும் தோல் தொழிற்சாலைக் கழிவும் நெகிழிக் குப்பையுமே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. பயிரை வளர்க்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் என்னும் இரு சத்துகள் அளவுக்கு மீறி நீரில் கலப்பதும் அவற்றுக்குக் குறையாத கேடு என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 'ஊட்டச்சத்து மாசு' எனப்படும் இக்கேடு ஒரே ஆலையிலிருந்தோ ஒரே குழாயிலிருந்தோ வருவதன்று. வீட்டுக் கழிவுநீர், வயலில் இட்ட உரம், மாட்டுச் சாணம், கோழிப்பண்ணை எச்சம், இறால் பண்ணை வடிநீர் எனப் பல வழிகளில் சிறிது சிறிதாகச் சேர்வது. ஆகவே எந்த அரசுத் துறையும் தனித்து நின்று இதைத் தடுக்க இயலாது. துறைகள் அனைத்தும் ஒரே இலக்கின்கீழ் இணைய வேண்டும் என்று கேட்பது குடிமக்களின் உரிமையாகும்.

கேடு விளையும் விதம்

நன்னீரில் பாஸ்பரசும் கடலோர நீரில் நைட்ரஜனும் இயல்பாகவே குறைவாக இருப்பதால், அந்தக் குறைவே பாசியின் வளர்ச்சிக்குக் கடிவாளமாக அமைகிறது. வெளியிலிருந்து இவை வந்து சேரும்போது அக்கட்டுப்பாடு தளர்ந்து, பாசியும் ஆகாயத்தாமரையும் நீர்ப்பரப்பை மூடுகின்றன. ஒளி உள்ளே புகாமல் அடிநீர்த் தாவரங்கள் மடிகின்றன. மடிந்தவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடுவதால் மீன்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன. இந்நிலையை அறிவியலார் 'மிகையூட்டம்' என்பர். கோவையின் சிங்காநல்லூர், உக்கடம் குளங்களில் ஆகாயத்தாமரையைப் பொதுப்பணம் செலவிட்டு அகற்றினாலும் அது திரும்பத் திரும்பப் படர்வதற்குக் காரணம், அதற்கு உணவாகும் கழிவுநீர் வரத்து நிற்காததே.

மனித உடலுக்கும் இதனால் நேரடி ஆபத்து உண்டு. நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீருக்குள் இறங்குகிறது. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரநிலைப்படி ஒரு லிட்டரில் 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கலாகாது. இதற்குத் தளர்வு ஏதும் தரப்படவில்லை. நைட்ரேட் மிகுந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கப்படும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாயும் நோய் வரக்கூடும். நீரைக் கொதிக்க வைப்பதால் நைட்ரேட் நீங்காது. நீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடவே செய்யும். நீலப்பச்சைப் பாசியின் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சையும் சுரக்கின்றன. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஈரி ஏரியில் இப்பாசி பெருகியபோது, டொலீடோ நகரப் பகுதியில் சுமார் 4 லட்சம் பேர் குழாய் நீரைக் குடிக்கக் கூடாது என்று எச்சரிக்கப்பட்டனர். மன்னார் வளைகுடாவில் 2019 செப்டம்பரில் நாக்டிலூக்கா என்னும் நுண்ணிய கடலுயிரி பெருகி மண்டபம் பகுதியில் மீன்கள் செத்து ஒதுங்கின. இத்தகைய பெருக்கத்துக்குக் கடல் வெப்பமும் நீரோட்டமும் காரணமாகக்கூடும் என்றாலும், நிலத்திலிருந்து வரும் சத்துகள் அதற்குத் துணைபோகின்றன.

பொறுப்பு சிதறிக் கிடக்கும் நிலை

தமிழ்நாட்டில் ஏரியின் கரையும் மதகும் நீர்வளத் துறையின் பொறுப்பு. கழிவுநீர் உள்ளாட்சி அமைப்புகளுடையது, சென்னையில் அது குடிநீர் வாரியத்துடையது. உரப் பரிந்துரை வேளாண்மைத் துறையுடையது. மீன்பிடிப்பு மீன்வளத் துறையுடையது. நீரின் தரத்தைக் கண்காணிப்பது 1982இல் அமைந்த தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துடையது. மத்திய அரசிலும் உரம், நீர், சுற்றுச்சூழல் ஆகியவை வெவ்வேறு அமைச்சகங்களின்கீழ் உள்ளன. 2010இல் பாஸ்பரஸ், பொட்டாஷ் உரங்களுக்குச் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியா அதற்கு வெளியே வைக்கப்பட்டது. 45 கிலோ மூட்டை 300 ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கும் யூரியாவையே உழவர் கூடுதலாக நாடுவது விலைக் கொள்கையின் விளைவே அன்றி அவரது குற்றமன்று. இவ்வாறு ஒரு துறை மலிவாக்கிய நைட்ரஜனை நீரிலிருந்து அகற்ற இன்னொரு துறை செலவிட நேர்கிறது.

அளவிடுவதிலும் இதே இடைவெளி தெரிகிறது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்கள் கரிமக் கழிவை நன்கு நீக்கினாலும், தனிப்பட்ட நீக்கமுறை இல்லாதபோது நைட்ரஜனிலும் பாஸ்பரசிலும் பெரும் பகுதியை அப்படியே வெளியேற்றுகின்றன. 2017 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்த சுத்திகரிப்பு நிலையத் தரநிலைகளில் இவ்விரு சத்துகளுக்கும் உச்ச வரம்பே இடம்பெறவில்லை. 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அவற்றையும் சேர்த்துத் தரத்தைக் கடுமையாக்க உத்தரவிட்டது. ஒரு நிலையம் விதிகளை நிறைவு செய்கிறது என்பதால் மட்டுமே அது ஏரிக்குத் தீங்கு செய்யவில்லை என்று பொருளாகாது.

சட்டம் தரும் உரிமை

அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையில் மாசற்ற நீரைப் பெறும் உரிமையும் அடங்கும் என்று 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகள் பற்றி எழுந்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு இரு கோட்பாடுகளை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது: தீங்கு முழுமையாக மெய்ப்பிக்கப்படும் வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையுடன் செயல்படுதல் ஒன்று; மாசுபடுத்தியவரே சீர்செய்யும் செலவை ஏற்றல் மற்றொன்று. 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டப்படி, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இன்றிக் கழிவுநீரை நீர்நிலையில் விடலாகாது. இக்கடமை உள்ளாட்சி அமைப்புகளுக்கும் பொருந்தும். சுத்திகரிப்பு நிலையங்களை மூன்று ஆண்டுகளுக்குள் அமைக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2017இல் கெடு விதித்ததும் இங்கு நினைவுகூரத்தக்கது.

இணைந்து செயல்பட்டதன் படிப்பினை

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவை மீட்கும் முயற்சி இத்துறையில் ஆழ்ந்து கற்கத்தக்கது. 1983இல் மாநிலங்கள் தாமாக முன்வந்து ஒப்பந்தம் செய்தன. எனினும் அடுத்தடுத்த இலக்குகள் தவறின. குடிமக்கள் அமைப்புகள் வழக்குத் தொடுத்து உடன்பாடு கண்ட பிறகு, 2010 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் முகமை முழு விரிகுடாவுக்கும் ஆண்டு உச்ச வரம்பை அறிவித்தது: நைட்ரஜன் சுமார் 8.4 கோடி கிலோ, பாஸ்பரஸ் சுமார் 57 லட்சம் கிலோ. இவ்வரம்பு ஆறு மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் பங்கிடப்பட்டு, 2025 இறுதி ஆண்டாகக் குறிக்கப்பட்டது. அனுமதிக்கும் அபராதத்துக்கும் உட்பட்ட கழிவுநீர் நிலையங்கள் தம் இலக்கைப் பல ஆண்டுகள் முன்னதாகவே எட்டின; பெரிதும் உழவரின் விருப்பத்தையும் உதவித்தொகையையும் நம்பியிருந்த வேளாண் பிரிவு பின்தங்கியதால் 2025 இலக்கு முழுமையாக நிறைவேறவில்லை. ஆயினும் பங்கு எழுத்தில் இருந்ததால் யார் பின்தங்கினர் என்பது அனைவருக்கும் தெரிந்தது. பென்சில்வேனியாவின் சுணக்கத்தை முன்வைத்து அண்டை மாநிலங்கள் 2020இல் வழக்குத் தொடுக்கவும் 2023இல் தீர்வு காணவும் முடிந்தது. பல துறைகள் ஒரு குழுவில் அமர்வது மட்டும் ஒருங்கிணைப்பு ஆகாது. ஒரே வரம்பு, அதில் ஒவ்வொருவருக்கும் எழுதப்பட்ட பங்கு, தவறினால் விளைவு ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒருங்கிணைப்பு.

செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டின் முதன்மை நீர்நிலை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் வந்து சேரும் நைட்ரஜன், பாஸ்பரஸ் அளவைக் கணக்கிட்டு, தாங்கும் அளவை வரையறுத்து, குறைக்க வேண்டிய பங்கைத் துறைவாரியாகப் பிரித்து, அதை நிறைவேற்றும் பொறுப்பை ஒரே அலுவலரிடம் ஒப்படைப்பது முதற்பணி. சுத்திகரிப்பு நிலையங்களில் சத்து நீக்கும் வசதி, மழைநீர் வடிகாலில் கலக்கும் கழிவுநீர் இணைப்புகளைத் துண்டித்தல், கழிவுநீர் லாரிகள் ஏற்றிய கழிவை எங்கே இறக்குகின்றன என்பதைக் கண்காணித்தல் ஆகியவை நகரத்தின் பங்கு. மண்வள அட்டையின்படி உரமிடுதல், இலை வண்ண அட்டையைப் பார்த்து யூரியாவைப் பிரித்து மேலுரமாக இடுதல், வாய்க்கால் ஓரங்களில் புல்வரம்பு விடுதல் ஆகியவை வயலின் பங்கு. நீரோடு ஓடும் உரம் உழவரின் பணமே என்பதால், இவை அவருக்கும் ஆதாயம் தருவன.

குடிமக்கள் செய்யக்கூடியவையும் பல. கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து நைட்ரேட் அளவை அறியலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில், தம் ஊர் ஏரியின் பரிசோதனை முடிவுகளையும் சுத்திகரிப்பு நிலையத்தின் இசைவாணை நிபந்தனைகளையும் கேட்கலாம். 30 நாட்களுக்குள் விடை தரப்பட வேண்டும். மாவட்ட ஆட்சியரகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். பல துறைகள் ஆட்சியரின் முன் ஒருங்கே அமரும் இடம் அது என்பதால், மனுவில் தொடர்புடைய துறைகள் அனைத்தையும் பெயர் சுட்டிக் குறிப்பிடுவது நல்லது. இவை பயனளிக்காதபோது சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். பொதுவான சுற்றுச்சூழல் வழக்குக்கு, காரணம் எழுந்த நாளிலிருந்து 6 மாதமும் இழப்பீட்டு வழக்குக்கு 5 ஆண்டும் கால வரம்பு என்பதால், தேதியிட்ட படங்களையும் மனுக்களின் நகல்களையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்து வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலக நீர் நாளில் கிராம சபை கூடுகிறது. நம் ஏரிக்கு ஆண்டுதோறும் எவ்வளவு நைட்ரஜனும் பாஸ்பரசும் வருகின்றன, எந்தத் துறை எவ்வளவைக் குறைக்கப் போகிறது, எந்த ஆண்டுக்குள் குறைக்கும் என்னும் மூன்று கேள்விகளையும் அச்சபையில் எழுப்பித் தீர்மானமாகப் பதிவு செய்வது ஒவ்வொரு ஊருக்கும் இயலும். அதை அடுத்த கூட்டத்திலேயே செய்ய வேண்டும்.