முருகைக்கல்லும் மிகையொளியும்

கடலினின்றும் நெடுந்தொலைவிலுள்ள மலைநாட்டிலிருந்துகொண்டு முருகைக்கற்களைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயின் இக்கட்டுரைக்கு வித்திட்டவன் ஹட்டனை அடுத்த தோட்டமொன்றைச் சேர்ந்த எம் மாணவன் ஒருவனே. கல்விச் சுற்றுலாவின்போது ஹிக்கடுவையில் கண்ணாடித் தளமுடைய படகிலிருந்து நோக்கினோம். பழுப்பு நிற முருகைக்கற்களிடையே சில சுண்ணாம்பென வெளுத்திருந்தன. மிகுந்த வெப்பமும் ஒளியுமே காரணம் என்றேன். “தவறணையில் பந்தலை ஒரே நாளில் பிரித்தால் தேயிலைக் கன்று கருகிவிடுமே, அதுபோலவா, சேர்?” என வினவினான், நாற்றுமேடைத் தொழிலாளியின் மகனாகிய அவன். அவ்வுவமை மிகவும் பொருத்தமானதென்பதைக் காட்டுவதே ஈண்டு எமது நோக்கம்.

முருகைக்கல் கல்லுமன்று, செடியுமன்று. பொலிப்பு எனப்படும் சிற்றுயிர்கள் கூட்டமாக வாழ்ந்து தமக்கெனச் சுண்ணாம்புக் கூட்டினை அமைக்கின்றன. அவற்றின் உடலினுள் நுண்ணிய அல்காக்கள் குடியிருந்து, ஒளித்தொகுப்பினால் ஆக்கும் உணவின் பெரும்பகுதியைப் பொலிப்புகளுக்கு வழங்குகின்றன. அவற்றின் கழிவுகளை உரமாகப் பெறுகின்றன. முருகைக்கல்லின் பழுப்பு நிறமும் இவ்வல்காக்களாலாயதே. ஆழ்ந்த இருட்கடலில் வளரும் அணிகலப் பவளத்துக்கோ இத்துணையுமில்லை, ஒளியும் வேண்டுவதில்லை.

உணவளிக்கும் ஒளி ஊறு செய்வது எங்ஙனம்? அல்கா ஓரளவு ஒளியையே பயன்படுத்தவல்லது. அதனை விஞ்சிய ஆற்றல் கேடுபயக்கும் ஒட்சிசன் வகைகளைத் தோற்றுவித்து, அல்காவையும் பொலிப்பையும் ஒருங்கே தாக்குகின்றது. வெப்பம் மிகுந்தவிடத்து அல்காவின் தாங்குதிறன் மேலும் குன்றும். அந்நிலையில் பொலிப்பு தன் விருந்தினரை வெளியேற்றிவிடுகின்றது. கண்ணாடி போன்ற தசையினூடே வெண்கூடு தெரிகின்றது. இதுவே வெளிறல். வெளிறியது உடனே இறந்துவிடுவதில்லை, பட்டினி கிடக்கின்றது. அல்காக்கள் விரைவில் மீண்டு பெருகின் பிழைக்கும், இன்றேல் மடியும்.

பல நாடுகளில் முருகைக்கற்களைக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கின்றனர். நண்பகல் வெயிலின் ஒளிச்செறிவு சதுரமீற்றருக்குச் செக்கனொன்றில் ஏறத்தாழ 2000 மைக்குரோமோல் ஆகும். தொட்டியிலுள்ள மென்முருகைகளுக்கு 50 முதல் 150 வரையும், கிளைத்த வன்முருகைகள் பலவற்றுக்கு 200 முதல் 350 வரையும் போதுமென்பர். எனினும் அளவினும் மாற்றத்தின் வேகமே பெருந்தீங்கு செய்வது. மங்கலொளியில் வாழ்ந்த முருகைக்கல், கிடைக்கும் சிற்றொளியையும் கவர்தற்பொருட்டு நிறப்பொருளை மிகுத்து வைத்திருக்கும். அதனைத் திடீரெனப் பேரொளியில் வைத்தால் அத்திறனே அதற்குப் பகையாகின்றது. பழைய விளக்கை நீக்கிப் புதியதைப் பொருத்துதலும், கலங்கிய நீரைக் கரி கொண்டு ஒருநாளில் தெளிவித்தலுங்கூட இத்தீங்கை விளைக்கும்.

ஆதலின் புதிதாக வந்ததைத் தொட்டியின் அடியில் வைத்து, வாரக்கணக்கில் மெல்ல மேலேற்றல் வேண்டும். அன்றேல் விளக்கை உயர்த்தியோ, வலைத்துணி பலவற்றை விரித்துச் சில நாள்களுக்கு ஒன்றாக அகற்றியோ ஒளியைப் பழக்கலாம். நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர ஒளி அமையும். மேற்புறம் மட்டும் வெளுத்து, நிழல்பட்ட அடிப்புறம் நிறம் மாறாதிருப்பின் மிகையொளியே காரணமென ஐயுறலாம். அதற்கஞ்சி முற்றிருளில் இடுதலும் தவறாம். இருளில் வைத்த முருகைக்கற்களும் அல்காக்களை இழத்தலை, 1928-29இல் அவுஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பாரில் ஆராய்ந்த யொங் குழுவினர் கண்டனர்.

தவறணையிலும் இதுவே முறை. வெட்டுத்தண்டு வேரூன்றும்வரை அடர்ந்த நிழல். பின்னர்ச் சிறிது சிறிதாக நிழலைக் குறைத்துக் கன்றை வெயிலுக்குப் பழக்குதல். அதன்பின்னரே மலைக்கு அனுப்புதல்.

தொட்டிக்கு நாம் வலை விரிக்கலாம். கடலுக்கு விரிப்பவர் யார்? 1998இல் கடல் வெப்பமுற்றபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார்களிலும் முருகைக்கற்கள் பெருமளவில் வெளிறி மடிந்தன. அதே ஆண்டில் பசிபிக்கின் சொசைட்டித் தீவுகளில், வானை மூடிய முகில்களே அங்குள்ளவற்றைப் பெரிதும் காத்தன என ஆய்வாளர் கருதுவர். இதனைப் பின்பற்றி முகிலுக்கு வெண்மையூட்டி நிழல் பெறும் முயற்சியை அவுஸ்திரேலியர் 2020இல் தொடங்கினர். ஆயினும் நிழல் காலத்தைத் தருமேயன்றிக் கடலின் வெப்பத்தைத் தணிக்கமாட்டாது. வெப்பத்தைப் பெருக்கும் புகையைக் குறைப்பதே மூலமருந்து.

பந்தலைப் பையப் பிரிக்கும் அத்தொழிலாளியின் கைப்பழக்கத்தில் அரியதோர் உயிரியல் உண்மை அடங்கியுள்ளது. அதனை எமக்கு உணர்த்தியவன் அவர்தம் மைந்தனே.