எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்?

1987 ஏப்ரலில் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழின் அட்டையில் கிளீவ்லாந்து இந்தியன்ஸ் பேஸ்பால் அணியின் ஜோ கார்ட்டரும் கோரி ஸ்னைடரும் இடம்பிடித்தார்கள். மேஜர் லீக் பேஸ்பாலின் ஒரு பாதியான அமெரிக்கன் லீகிலேயே சிறந்த அணி இதுதான் என்று அடித்துச் சொன்னது அட்டை. அந்த வருடம் இந்தியன்ஸ் ஆடிய 162 ஆட்டங்களில் 101-இல் தோற்றது. மேஜர் லீக் முழுவதும் தேடினாலும் அந்த வருடம் அதைவிட மோசமான அணி கிடையாது.

விவரம் தெரிந்தவர்கள்தான் இப்படிச் சறுக்கினார்கள். முந்தைய வருடம் அந்த அணிக்கு 84 வெற்றி, 78 தோல்வி. ரன் குவிப்பதில் லீகில் முதலிடம். ஆட்டக்காரர்களில் பலர் இளைஞர்கள். இன்னும் மேலே போவார்கள் என்று நினைத்ததில் தப்பில்லை என்றுதான் தோன்றும். ஆனால் அட்டவணையின் பக்கத்துக் கட்டத்தையும் பார்த்திருந்தால், அவர்கள் அடித்த ரன்களைவிட எதிரணிகளுக்குக் கொடுத்த ரன்கள் கொஞ்சம் அதிகம் என்பது தெரிந்திருக்கும். பாதிக்குச் சற்றுக் கீழே முடித்திருக்க வேண்டிய அணி, பாதிக்குச் சற்று மேலே முடித்திருந்தது. 101 தோல்வி வரும் என்று எந்தக் கணக்கும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. முதலிடம் என்றும் சொல்லியிருக்காது.

அமெரிக்காவில் பேஸ்பாலையும் ஃபுட்பாலையும் பின்தொடரும் ரசிகர்களில் ஒரு தனி ரகம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் கொண்டாடப் போகாமல் கணக்கு எழுத உட்காருபவர்கள். அடுத்த வாரம் யார், சீசன் முடிவில் யார் என்று எண்களை வைத்துக் கணிப்பவர்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள், அதில் எதை நம்பலாம் என்பதுதான் இங்கே விஷயம். ஃபுட்பால் என்பது இங்கே முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு முட்டிமோதும் அமெரிக்க ஆட்டம். அதன் தொழில்முறை லீக் என்.எஃப்.எல்.

வழி காட்டியவர் பில் ஜேம்ஸ். கான்ஸாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில், பன்றி இறைச்சியும் பீன்ஸும் டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் இரவுக் காவலாளியாக இருந்தவர். வேலை நேரத்தில் காவலுக்குப் பெரிய தேவை இருக்கவில்லை போலிருக்கிறது. பேஸ்பால் கணக்குகளைத் துருவித் துருவி, 1977-இல் ‘பேஸ்பால் அப்ஸ்ட்ராக்ட்’ என்ற சிறு வெளியீட்டைத் தானே அச்சிட்டு விற்க ஆரம்பித்தார். 2002-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி அவரை ஆலோசகராக அமர்த்திக்கொண்டது. 1918-க்குப் பிறகு கோப்பையையே பார்க்காத அந்த அணி 2004-இல் ஜெயித்தது. அதற்கு ஜேம்ஸ்தான் காரணம் என்று சொன்னால் அவரே சிரிப்பார். ஆனாலும் ஒரு ரசிகரின் நோட்டுப்புத்தகம் அணி அலுவலகத்தின் மேஜைக்கு வந்துசேர்ந்தது சின்ன விஷயமல்ல.

அவர் கண்டுபிடித்தவற்றில் பள்ளிப் பையனும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. ஓர் அணி சீசனில் அடித்த ரன்களை வர்க்கம் செய்யுங்கள். கொடுத்த ரன்களையும் வர்க்கம் செய்யுங்கள். முதல் எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த அணி ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டங்களின் விகிதம் கிடைக்கும். வர்க்கங்களைக் கூட்டுவதால் இதற்குப் பிதாகரஸ் பெயரை வைத்துவிட்டார்கள். முக்கோணத்துக்கும் இதற்கும் வேறு உறவு இல்லை. ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு நெட் ரன் ரேட் தெரியும். புள்ளிகள் சமமாக இருக்கும்போது மட்டும் நாம் திரும்பிப் பார்க்கும் அந்த எண்ணின் அண்ணனை ஜேம்ஸ் முன்வரிசையில் உட்காரவைத்தார்.

2012-இன் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியை வைத்துப் பார்ப்போம். அந்த சீசனில் அவர்கள் 93 ஆட்டங்களில் ஜெயித்தார்கள். அடித்தது 712 ரன், கொடுத்தது 705. வர்க்கங்கள் 5,06,944-உம் 4,97,025-உம். விகிதம் 0.505. 162 ஆட்டங்களுக்குப் பெருக்கினால் 82 வெற்றி வருகிறது. மீதி 11 எங்கிருந்து வந்தது? ஒரே ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் இருந்து. அப்படிப்பட்ட 38 ஆட்டங்களில் ஓரியோல்ஸ் 29-இல் ஜெயித்தது.

நெருக்கடியில் தைரியமாக ஆடுகிறார்கள், மேனேஜர் பக் ஷோவால்ட்டர் சாமர்த்தியசாலி, கடைசி இன்னிங்ஸில் வந்து கதவடைக்கும் ஜிம் ஜான்சன் இருக்கிறார் என்றெல்லாம் விளக்கங்கள் வந்தன. ஜான்சன் அந்த வருடம் 51 ஆட்டங்களைக் காப்பாற்றிக் கொடுத்தது உண்மை. அடுத்த வருடமும் அதே மேனேஜர், அதே ஜான்சன். இந்த முறை 50 ஆட்டங்களைக் காப்பாற்றினார். ஆனால் ஒரு ரன் ஆட்டங்களில் அணியின் கணக்கு 20 வெற்றி, 31 தோல்வி. மொத்தத்தில் 85 வெற்றி. மயிரிழையில் ஜெயிப்பதில் திறமைக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம். ஆனால் அது அடுத்த வருடத்துக்கு எடுத்துச்செல்லக்கூடிய சொத்தாக இருப்பதில்லை என்பதைப் பழைய சீசன்கள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

ஃபுட்பாலில் இதே சூத்திரம் வர்க்கத்துக்குப் பதில் 2.37 என்ற அடுக்கோடு நன்றாகப் பொருந்துகிறது. அங்கே இதைவிட விநோதமான கதை ஒன்று உண்டு. 2022-இன் மினசோட்டா வைகிங்ஸ் 17 ஆட்டங்களில் 13-இல் ஜெயித்தது. இந்த அணி சீசன் முழுக்க எடுத்தது 424 பாயின்ட், கொடுத்தது 427. பதிமூன்று ஆட்டங்களில் ஜெயித்துவிட்டு மூன்று பாயின்ட் கடனில் நின்றார்கள். எப்படி முடிந்தது என்றால், தோற்ற நான்கு ஆட்டங்களிலும் சரியாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஈகிள்ஸிடம் 24–7, கவ்பாய்ஸிடம் 40–3, லயன்ஸிடம் 34–23, பேக்கர்ஸிடம் 41–17. ஆக 89 பாயின்ட் போனது. ஜெயித்த பதிமூன்றையும் சேர்த்துக் கிடைத்த வித்தியாசம் வெறும் 86. எட்டு பாயின்டுக்குள், அதாவது ஒரே டச்டவுனில் எட்டிப்பிடிக்கக்கூடிய தூரத்தில், முடிந்த 11 ஆட்டங்களிலும் வைகிங்ஸ்தான் ஜெயித்தது. அதில் ஒன்று, இடைவேளையில் கோல்ட்ஸிடம் 33–0 என்று பின்தங்கியிருந்து 39–36 என்று கூடுதல் நேரத்தில் பறித்தது. லீக் வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய மீட்சி அதற்குமுன் நடந்ததில்லை. பார்த்தவர்களுக்கு ஜென்ம சாபல்யம். கணக்குப் போட்டவர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. சூத்திரப்படி அது எட்டரை வெற்றிக்கான அணி. பிளேஆஃப் முதல் ஆட்டத்திலேயே ஜயன்ட்ஸிடம் 31–24 என்று வெளியேறியது. அடுத்த வருடம் 7 வெற்றி, 10 தோல்வி. அந்த வருடம் ஆட்டத்தை நடத்திச்செல்லும் குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸ் பாதி வழியில் காயப்பட்டதும் ஒரு காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த சிக்கல், சீசன் பாதியில் இருக்கும்போது எதை எவ்வளவு நம்புவது என்பது. ஒரு பேஸ்பால் அணி முதல் 20 ஆட்டங்களில் 15-இல் ஜெயித்துவிட்டது என்று வையுங்கள். அப்படியே நீட்டினால் 162-இல் 121 வெற்றி வரும். 2001-இல் சியாட்டில் மரைனர்ஸ் எடுத்த 116-ஐ இதுவரை யாரும் தாண்டியதில்லை, ஆகவே இந்த நீட்டல் கணக்குக்கு உதவாது. கணிப்பவர்கள் வேறொன்று செய்கிறார்கள். அணியின் கணக்கோடு, பாதி வெற்றி பாதி தோல்வியான சுமார் 70 கற்பனை ஆட்டங்களைச் சேர்த்துவிடுகிறார்கள். 15-உம் 35-உம் ஐம்பது. மொத்த ஆட்டம் 90. விகிதம் 0.556. மிச்சமிருக்கும் 142 ஆட்டங்களில் இந்த விகிதப்படி 79 வெற்றி, ஆக மொத்தம் 94. நல்ல அணிதான், ஆனால் சரித்திரம் படைக்கிற அணி என்று சொல்ல இன்னும் ஆதாரம் வரவில்லை.

ஃபுட்பாலில் சேர்க்க வேண்டிய கற்பனை ஆட்டங்கள் சுமார் 12 போதும். நான்கு வாரத்தில் மூன்று வெற்றி பெற்ற அணிக்கு 3-உம் 6-உம் ஒன்பது, மொத்தம் 16 ஆட்டம், விகிதம் 0.563. பேஸ்பாலில் இருபதுக்குப் பதினைந்து சொல்லும் அதே அளவு சேதியை ஃபுட்பாலில் நான்குக்கு மூன்று சொல்லிவிடுகிறது! பேஸ்பாலில் மிகச் சிறந்த அணியும் பத்துக்கு மூன்று நான்கு தோற்கும், மிக மோசமான அணியும் பத்துக்கு மூன்று நான்கு ஜெயிக்கும். ஒரு ஆட்டத்தில் யார் உசத்தி என்று தெரியவே தெரியாது. ஃபுட்பாலில் அணிகளுக்கிடையே உள்ள இடைவெளி ஒவ்வொரு ஆட்டத்திலும் பளிச்சென்று வெளிப்படும். ஆனால் ஆட்டங்களே பதினேழுதான். சரிபாதித் திறமையுள்ள அணிகூட நாணயம் விழுகிற விதத்தை வைத்தே ஆறு வெற்றியிலும் முடிக்கலாம், பதினொன்றிலும் முடிக்கலாம். இதனால்தான் ஃபுட்பால் கணிப்பாளர்கள் சீசன் முடிவில் அடிக்கடி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்கிறார்கள்.

வாராவாரம் கணிப்பவர்களுக்குப் பிடித்த கருவி செஸ்ஸில் இருந்து வந்தது. ஆனந்த், குகேஷ் பெயர்களோடு நாம் அன்றாடம் படிக்கும் ஈலோ தரவரிசையேதான். மில்வாக்கியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த, ஹங்கேரியில் பிறந்த அர்பாட் ஈலோ உருவாக்கியது. பேஸ்பால் கணிப்பில் பெயர்பெற்ற பிறகு 2008-இல் ‘ஃபைவ்தர்ட்டிஎய்ட்’டைத் தொடங்கிய நேட் சில்வரும் அவர் குழுவும் இதை என்.எஃப்.எல். அணிகளுக்குப் பொருத்தினார்கள். நூறு புள்ளி உயரத்தில் இருக்கும் அணி ஜெயிக்க 64 சதவீத வாய்ப்பு. அப்படியே ஜெயித்தால் அதற்குக் கொஞ்சம்தான் புள்ளி கூடும், தோற்றால் கணிசமாக இறங்கும். எதிர்பார்த்ததே நடந்தால் பரிசு சின்னது, எதிர்பாராதது நடந்தால் தண்டனை பெரிது. சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கு 65 புள்ளி இனாமாகக் கொடுத்தார்கள். ஒரு சீசன் முடிந்து அடுத்தது தொடங்கும்போது எல்லா அணிகளையும் சராசரியை நோக்கி மூன்றில் ஒரு பங்கு இழுத்துவிடுவது அவர்கள் வழக்கமாக இருந்தது, ஏனென்றால் போன வருட அணியும் இந்த வருட அணியும் ஒன்றல்ல.

இதில் பெரிய ஓட்டை, யார் ஆடுகிறார்கள் என்பதே இதற்குத் தெரியாது. ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் படுத்துவிட்டால் அணியே வேறு. பேஸ்பாலில் பந்து வீசும் ஐந்து பிட்ச்சர்கள் சுழற்சி முறையில் ஆட்டத்தைத் தொடங்குவதால் ஒரே அணியின் வாய்ப்பு செவ்வாய்க்கிழமை ஒன்று, புதன்கிழமை வேறு. உருப்படியான கணிப்பு இவை இரண்டையும் தனியாகத் திருத்திக்கொள்ளும். மற்றபடி மழை, ராசியான சட்டை, பழிவாங்கும் வெறி என்று வர்ணனையாளர்கள் அளக்கும் பலவற்றையும் விட்டுவிட்டால் பெரிய நஷ்டமில்லை.

சரி, கணிப்பவரை யார் கணிப்பது? எத்தனை சரி, எத்தனை தப்பு என்று மட்டும் எண்ணினால் போதாது. அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த கிளென் பிரையர் 1950-இல் மழைக் கணிப்புகளுக்காகச் சொன்ன முறை இங்கேயும் கைகொடுக்கிறது. சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை வர்க்கம் செய்து சராசரி எடுப்பதுதான் அது. இரண்டு நண்பர்கள் ஒரே பத்து ஆட்டங்களுக்கு ஒரே அணிகளையே தேர்ந்தெடுக்கிறார்கள், இருவருக்கும் ஏழு சரி. ஒருவர் ஒவ்வொரு முறையும் 70 சதவீதம் என்றார். சரியானபோது 0.09, தவறியபோது 0.49, சராசரி 0.21. மற்றவர் ஒவ்வொரு முறையும் 90 சதவீதம் என்று மார்தட்டினார். சரியானபோது 0.01தான், ஆனால் தவறிய மூன்றுக்கும் தலா 0.81. சராசரி 0.25. எல்லா ஆட்டத்துக்கும் பாதிக்குப் பாதி என்று சொல்லிவிட்டுத் தூங்கப்போனவருக்கும் இதே 0.25தான் கிடைத்திருக்கும். இந்த முறையில் குறைந்த எண் எடுத்தவரே கெட்டிக்காரர். தொலைக்காட்சியில் ‘நிச்சயம்’ என்ற வார்த்தையை அள்ளி வீசுபவர்கள் யாரும் இந்தத் தேர்வை எழுத முன்வருவதில்லை.

கையில் தரவு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். டேவிட் ஸ்மித் என்ற உயிரியல் பேராசிரியர் 1989-இல் தொடங்கிய ‘ரெட்ரோஷீட்’ அமைப்பின் தன்னார்வலர்கள் பழைய ஸ்கோர் நோட்டுகளைத் தேடிப்பிடித்து, பேஸ்பால் ஆட்டங்களின் ஒவ்வொரு நகர்வையும் கணினியில் ஏற்றி இலவசமாகத் தருகிறார்கள். என்.எஃப்.எல். ஆட்டங்களுக்கும் அதுபோன்ற இலவசத் தொகுப்புகள் வந்துவிட்டன.

இவ்வளவும் தெரிந்தால் பந்தயம் கட்டிப் பணம் பண்ணலாமே என்று தோன்றும். 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மத்தியத் தடைச் சட்டத்தை நீக்கிய பிறகு பல மாநிலங்களில் அது சட்டப்படியே நடக்கிறது. இடையில் நிற்பது ஒரு சின்னக் கணக்கு. ஓர் அணி இத்தனை பாயின்டுக்கு மேல் ஜெயிக்குமா என்று கட்டும் வழக்கமான பாயின்ட் வித்தியாசப் பந்தயத்தில் 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் வைக்க வேண்டும். கைக்காசு போகாமல் தப்பிக்கவே நூற்றுக்கு 52.4 முறை சரியாகச் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன சூத்திரங்கள் அத்தனையும் பந்தய நிறுவனத்துக்கும் அத்துப்படி, அவற்றைக் கலந்துதான் அவர்கள் வித்தியாசத்தையே நிர்ணயிக்கிறார்கள். அதையும் மீறி ஒருவர் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே இருந்தால் பல நிறுவனங்கள் ஒரு காரியம் செய்யும். அவர் ஒரு ஆட்டத்துக்கு இத்தனை டாலருக்கு மேல் கட்டக் கூடாது என்று உச்சவரம்பு வைத்துவிடும்.