பாலாற்றுக் கணக்கு எங்கே?

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திலே பொருளாளர் எழுந்து வரவு செலவு வாசிக்கும்போது நம் தோழர்கள் அவரை இலேசில் விட்டுவிடுவதில்லை. தட்டி எழுதிய செலவு இவ்வளவா, தேநீர்ச் செலவுக்கு ரசீது எங்கே, சந்தா பாக்கி யார் யாரிடம் என்று துளைத்தெடுத்து விடுவார்கள். நல்ல பழக்கம். அந்தப் பழக்கத்தைச் சங்கக் கட்டடத்தின் வாசற்படியோடு நிறுத்திக்கொள்வானேன் என்பதுதான் நமது கேள்வி.

பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்க நாட்டிலே ஏற்பாடு இருக்கிறது. 1974-ல் துவக்கப்பட்ட தமிழ்நாடு மீன் வளர்ச்சிக் கழகத்தை எடுத்துக்கொள்வோம். அது அரசாங்கக் கம்பெனி. அதன் தணிக்கையாளரை நியமிப்பவர் இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். அணையில் விட்ட மீன்குஞ்சு எத்தனை, பிடித்த மீன் எவ்வளவு, விற்ற பணம் எங்கே என்று அவருடைய ஆட்கள் கேட்கலாம். அறிக்கை சட்டமன்றத்துக்கு வரும். உறுப்பினர்கள் அடங்கிய பொது நிறுவனங்கள் குழு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கலாம். காலதாமதமாகலாம், பாதிப் பேர் அறிக்கையைப் புரட்டாமலே இருக்கலாம். ஆனாலும் கதவு என்று ஒன்று இருக்கிறது, தட்டலாம்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்திலே தட்டுவதற்குக் கதவு எங்கே?

தோல் ஷாப்புகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்ய 1990-களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழும்பின. மத்திய அரசு கால் பங்கு, மாநில அரசு கால் பங்கு மானியம். மீதிக்கு முதலாளிகளின் முதலும் கடனும் என்பது திட்டம். பாதிப் பணம் மக்களின் வரிப்பணம்! நிலையத்தை நடத்துவதோ ஆலை அதிபர்கள் கூடி அமைத்த கம்பெனி. அரசாங்கக் கம்பெனி அல்லவாதலால், மீன் கழகத்தின் கணக்கைப் போல இதன் கணக்கு ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் மேஜைக்கு வருவதில்லை. பணம் ஊருக்குப் பொது; புத்தகம் மட்டும் தனிச் சொத்து!

கணக்குப் பார்க்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்பவர்கள் 2015 ஜனவரி 31-ஐ நினைத்துப் பார்க்கட்டும். அன்று விடியுமுன் ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்துச் சுத்திகரிப்பு நிலையத்திலே கசடுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பிலே வேலை முடித்து உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப் பேர் கசடிலே மூழ்கி மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தொட்டி எவ்வளவு தாங்கும், எவ்வளவு ஏற்றியிருக்கிறோம் என்று பார்ப்பதும் தணிக்கைதான், தோழர்களே!

இன்னொரு கணக்கு, இதைவிடப் பழையது. 1991-ல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கிலே 1996 ஆகஸ்டு 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோல் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழ்பட்டிருக்கிறது என்ற விவரங்கள் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கின்றன. கெடுத்தவர் கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதற்கென அமைந்த சூழல் இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச் 7-ல் கணக்குச் சொன்னது: 547 ஆலைகள் கொடுக்க வேண்டும்; 29,193 பேர் பெற வேண்டும்; தொகை 26 கோடியே 82 லட்சம்.

கோடி என்றதும் மலைக்க வேண்டாம். வகுத்துப் பாருங்கள். சராசரியாகத் தலைக்கு 9,200 ரூபாய்கூட இல்லை. அதுவும் 1991 ஆகஸ்டு முதல் 1998 டிசம்பர் முடிய ஏழாண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு! மாதத்துக்கு நூறு ரூபாய் சொச்சம். கிணறு கெட்டதற்கும், தென்னை பட்டுப்போனதற்கும், நெல் விளைந்த வயலிலே உப்புப் பூத்ததற்கும் மாதம் நூறு!

அதையாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா? 2009 ஆகஸ்டு 24-ல் ஆணையம் இரண்டாவது ஆணை பிறப்பித்தது. அதற்குப் பிறகும், 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட வேண்டியிருந்தது. இரண்டு ஆணைகளின்படியும் இன்னும் பெறாதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுக்கவும், அதைக் கெடுத்தவர்களிடம் வசூலிக்கவும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலே குழு அமைக்கவும் உத்தரவிட்டது. முதல் ஆணை பிறந்த ஆண்டிலே பிறந்த பிள்ளை, அதற்குள் டிரம்மிலே தோல் ஏற்றும் வாலிபனாகிவிட்டான்!

"தோல் ஷாப்பை மூடச் சொல்கிறீர்களா?" என்று மிரட்டுவார்கள். தோலை நம்பித்தான் நம் வீட்டு அடுப்பு எரிகிறது. மூடு என்று நாம் ஏன் சொல்லப் போகிறோம்? புத்தகத்தைத் திற என்கிறோம். வெளிநாட்டுச் செருப்புக் கம்பெனிகள் சேர்ந்துள்ள, 2005-ல் அமைந்த லெதர் ஒர்க்கிங் குரூப் என்ற அமைப்பு இருக்கிறது. அதன் தணிக்கையாளர் வந்தால் தண்ணீர்க் கணக்கும் மின்சாரக் கணக்கும் மேஜைக்கு வந்துவிடுகின்றன. சரக்கு வாங்குகிறவனுக்குக் காட்டலாம். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவனுக்குக் காட்டக்கூடாதா?

கேட்பதற்கு 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் கலெக்டர் அலுவலகங்களுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மனுப் போடலாம். முப்பது நாளிலே பதில் தர வேண்டும். எந்த ஆலையிடம் எவ்வளவு வசூலாயிற்று, நம் ஊரிலே யார் யாருக்கு எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, மீதி எந்தக் கணக்கிலே கிடக்கிறது, கசடுத் தொட்டியைக் கடைசியாகச் சோதித்தது எப்போது—இந்த நான்கையும் கேளுங்கள். மே முதல் நாள் கொடியேற்றியதும் கிராம சபைக்குச் சென்று, பெறுவோர் பட்டியலைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலே ஒட்டத் தீர்மானம் கொண்டு வாருங்கள். மனுவின் நகல் ஒன்றைக் கிளைச் செயலாளரிடம் கொடுத்து வைக்கவும்.