முத்தின இலை

கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரி போகும் சாலையில் இருக்கிறது தேவர்சோலை. இங்கே சிறு விவசாயி ஒருவர் பச்சைத் தேயிலை மூட்டையை இறக்கி வைக்கிறார். எடை போட வந்தவர் உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளுகிறார். "என்னண்ணே, முத்தின எலதான் ஜாஸ்தியா இருக்கு." அவ்வளவுதான், அண்ணன் முகம் சிவந்துவிடும். மழை, பறிக்க ஆள் இல்லை, போன வாரம் அடுத்த தோட்டத்து இலையை மட்டும் எப்படி எடுத்தீங்க என்று பதில்கள் அடுக்கடுக்காக வரும்.

அவற்றில் பொய் எதுவுமில்லை. ஆள் கிடைக்காமல் பறிப்பு தள்ளிப்போனால் இரண்டு இலை ஒரு மொட்டு நான்கு இலையாகி நார் ஏறிவிடும். ஆனால் சொன்னது இலையை. அவர் காதில் விழுந்தது 'நீ சோம்பேறி' என்று.

குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு முன் தேயிலையைச் சுவைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. சுவை பார்க்கவென்றே சர்வதேசத் தர விதி ஒன்றும் இருக்கிறது: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். உறிஞ்சுவார்கள், துப்புவார்கள், குறை சொல்வார்கள். புகை வாடை என்றால் உலர்த்தும் இயந்திரத்தில் எங்கோ கசிவு. ஃபேக்டரிக்காரர் போய் அதைத் தேடலாம். அந்தக் குறை யார் மானத்தையும் தொடுவதில்லை.

குறை சொன்னால் மனிதர் திருந்துவாரா? க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல், ஒருவர் வேலையின் நிறைகுறைகளை அவரிடமே சொல்வது பற்றிய பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாகப் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் வேலை இன்னும் கெட்டுப்போயிருந்தது. கவனம் வேலையை விட்டு 'நான்' என்பதன் பக்கம் திரும்பினால் பலன் குறைகிறது என்பது அவர்கள் கணிப்பு.

தராசுப் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. குறை சொல்பவரே எடையில் கழிவும் போட்டால், அவர் சொல்லை யார் நம்புவார்? அது அறிவுரையா, வியாபாரமா? விவசாயியின் கோபத்தை வெறும் ரோஷம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

கொள்முதல் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பிடி இலையை அவர் கண் முன்னாலேயே பிரியுங்கள். இளசையும் முத்தினதையும் தனித்தனியே நிறுத்து, சீட்டில் எழுதிக் கொடுங்கள். கூடவே, போன பறிப்பு முடிந்து எத்தனை நாளாச்சு என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.