மட்டச் சீட்டுக்கே மரியாதை

சென்னை சென்ட்ரலில் ரயில் ஏறி பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் இறங்குகிறவர்களுக்கு ரம்மியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலு பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்து நடுவில் ஒரு பையைப் போட்டால் அதுவே மேஜை. மீஞ்சூர் வருவதற்குள் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். எதிராளி டிக்ளேர் பண்ணப்போகிறான் என்று மூக்கில் வேர்த்த உடனே அனுபவஸ்தன் செய்கிற முதல் காரியம், கையிலிருக்கும் ராஜா ராணியைக் கழித்துவிட்டு ரெண்டையும் மூணையும் பிடித்துக்கொள்வதுதான்.

“ஃபுல் கவுண்ட்டாண்ணே?”

“போடா, பதினேழுதான்.”

ஃபுல் கவுண்ட்டான 80-இல் மாட்டாமல் 17-இல் தப்பித்தவன் முகத்தில் ஜெயித்தவனைவிட ஒரு சுற்று அதிகமாகவே களை இருக்கும்.

இந்தக் கவுண்ட் குறைக்கிற புத்தியை மட்டும் தனியே எடுத்து ஒரு முழு ஆட்டமாக்கினால், அதன் பெயர் லோபால் டிரா. போக்கர் குடும்பத்துப் பிள்ளைதான், ஆனால் தலைகீழாகப் பிறந்தது. மற்ற போக்கரில் எதெல்லாம் மட்டமோ, இங்கே அதுதான் உசத்தி.

ஆடும் முறை எளிது. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டையை நடுவில் வையுங்கள். தலைக்கு ஐந்து சீட்டு, எல்லாம் கவிழ்த்து. அவரவர் கையைப் பார்த்துவிட்டு முதல் சுற்றுப் பந்தயம்: ஏற்றலாம், ஈடு கொடுக்கலாம், பிடிக்காவிட்டால் டிராப். நிற்கிறவர்கள் வேண்டாத சீட்டைக் கழித்துவிட்டு, கழித்த எண்ணிக்கைக்குக் கட்டிலிருந்து புதிது வாங்கலாம். ஒன்று வாங்கலாம், ஐந்தும் வாங்கலாம், ஒன்றுமே வேண்டாம் என்றும் இருக்கலாம். பிறகு இன்னொரு சுற்றுப் பந்தயம். கடைசியில் கையைத் திறந்தால், இருப்பதில் மட்டமான கை வைத்திருப்பவருக்குக் கொட்டைகள் அத்தனையும்.

எது மட்டம் என்பதில் இரண்டு சம்பிரதாயம் உண்டு. ஒன்றில் ஏஸ்தான் சின்னச் சீட்டு. வரிசையும் ஒரே ஜாதியும் கணக்கிலேயே வராது. ஆகவே 5-4-3-2-ஏஸ்தான் அங்கே தலைசிறந்த கை. இன்னொன்று ‘இரண்டு–ஏழு’. விஷயம் தெரிந்தவர்கள் கொண்டாடுவது இதைத்தான். இதில் ஏஸ் எப்போதும் பெரிய சீட்டு. ஐந்தும் வரிசையாக வந்தாலோ, ஐந்தும் இஸ்பேடாகவோ ஆட்டினாகவோ அமைந்தாலோ வழக்கமான போக்கரில் அது பெரிய கை. ஆகவே இங்கே சாபம். 6-5-4-3-2 பார்க்கச் சின்னதாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது, அது வரிசை. மிகச் சிறந்த கை 7-5-4-3-2, ஐந்தும் ஒரே ஜாதியாக இல்லாமல். அடுத்தது 7-6-4-3-2. இரண்டு கைகளை ஒப்பிடும்போது பெரிய சீட்டிலிருந்து கீழே வர வேண்டும்: 8-7-4-3-2-ஐவிட 8-6-5-4-2 நல்ல கை. 52 சீட்டில் ஐந்தைந்தாக 25,98,960 கைகள் உண்டு. அதில் அந்த முதல்தரக் கை 1,020. கலைத்துப் போட்டதுமே அது வந்து விழுவது 2,548-இல் ஒரு முறை.

இரண்டு–ஏழில் ஒரு கையைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். உங்களிடம் 7-4-3-2, கூடவே ஒரு ராணி. நாலு ஜாதியும் கலந்திருக்கிறது. ராணியைக் கழித்து ஒன்று வாங்குகிறீர்கள். கண்ணுக்குத் தெரியாத சீட்டு 47. அதில் 5, 6, 8 எது வந்தாலும் கை அருமை; அவை 12. உங்கள் கையோடு ஜோடி சேர்ந்து காரியத்தைக் கெடுக்கக்கூடிய 7, 4, 3, 2 எத்தனை? அதுவும் சரியாக 12. ஒன்பதோ பத்தோ வந்தால் சமாளிக்கலாம், அவை 8. மிச்சம் 15-உம் ஜாக்கியும் அதற்கு மேலும். கால்வாசி வாய்ப்பில் அருமையான கை என்பதைத் தெரிந்துகொண்டுதான் எவ்வளவு ஏற்றலாம் என்று முடிவெடுக்க வேண்டும். கிட்டத்தட்ட வந்துவிட்டது என்ற நினைப்பில் ஏற்றுகிறவர்களால்தான் மற்றவர்கள் பிழைக்கிறார்கள்.

எதிராளி கையில் ஒரு சீட்டும் உங்களுக்குத் தெரியாது. தெரிவது அவர் எத்தனை வாங்கினார் என்பது மட்டும். மூன்று வாங்கினால் ஆள் தடவுகிறார். ஒன்று வாங்கினால் நெருங்கிவிட்டார். ஒன்றும் வேண்டாம் என்று கையைக் கவிழ்த்து வைத்தால் ஏற்கெனவே அமைந்துவிட்டது, அல்லது அமைந்த மாதிரி நடிக்கிறார். கையில் இரண்டு ஜோடியை வைத்துக்கொண்டு, ஒரு சீட்டும் மாற்றாமல், அசராமல் ஏற்றுகிறவரைப் பார்த்திருக்கிறேன். இந்த ஆட்டத்தின் ருசியே அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் இதற்கு ஊராக இருந்தது கார்டினா, லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கம். கலிபோர்னியச் சட்டம் ஒருவகைப் போக்கரை மட்டும் பெயர் சொல்லித் தடுத்திருந்தது. சீட்டு மாற்றும் ‘டிரா’ அதில் அடங்காது என்ற விளக்கத்தில் 1930-களிலிருந்து அங்கே சீட்டுக் கிளப்புகள் பிழைத்தன. பில்லி பாக்ஸ்டர் என்ற ஆட்டக்காரர் உலகப் போக்கர் தொடரில் ஏழு பட்டம் வென்றார், ஏழும் லோபாலில். இவர் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டு, சீட்டில் ஜெயித்தது உழைத்துச் சம்பாதித்த வருமானம்தான், அதற்குரிய குறைந்த வரியே தன்னிடம் வாங்க வேண்டும் என்று 1986-இல் தீர்ப்பும் வாங்கிவிட்டார்.

நம் நாட்டிலும் வாதம், சீட்டில் ஜெயிப்பது திறமையா அதிர்ஷ்டமா என்பதைச் சுற்றித்தான். 1967-இல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில், விழுந்த சீட்டை நினைவில் வைப்பதும், எதைப் பிடிப்பது எதைக் கழிப்பது என்று தீர்மானிப்பதும் திறமை என்று சொல்லி ரம்மியை உச்ச நீதிமன்றம் மூணு சீட்டிலிருந்து பிரித்து வைத்தது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டு உயிரையும் விட்டவர்கள் செய்தியில் அடுக்கடுக்காக வந்த பிறகு, நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையை ஒட்டித் தமிழ்நாடு 2022-இல் தடைச் சட்டம் இயற்றியது. ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது 2023 ஏப்ரலில். அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது என்றது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஓரங்கட்டிவிட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம்.

என்னைக் கேட்டால் திறமை நிச்சயம் உண்டு. ஆனால் யார் ஜெயித்தாலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் மேஜை போட்டவன் தன் பங்கை உருவிக்கொள்கிறான். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து போனைத் திறக்கிறவனின் திறமை அந்தப் பங்குக்குமுன் எத்தனை நாள் தாங்கும்?

வீட்டில் ஆடிப் பாருங்கள், கொட்டை வைத்து, காசு வைக்காமல். ஆறு பேருக்கு மேல் உட்காராதீர்கள். 30 சீட்டு கைகளுக்குப் போய்விட்டால் மாற்றுவதற்குக் கட்டில் 22-தான் மிஞ்சும்.