மேஜை ரம்பத்துக்கு மூலைமட்டம் பிடிக்கும் கம்ப்யூட்டர்

"எக்ஸெல், கால்க் எல்லாம் ஆபீஸ்காரர்களுக்குத்தானே, வீட்டில் எதற்கு?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்கும் கேள்வி இது. மரவேலை செய்யும் என் மாமாவும் இதையே கேட்டார். அவர் செய்த டிராயரில் மூன்று மூலைகள் கச்சிதமாகப் பொருந்தின; நான்காவதில் இடைவெளி. மூலைமட்டம் வைத்தால் பலகை சரியாகத்தான் தெரிந்தது. பிழையைக் காட்டிக் கொடுத்தது கம்ப்யூட்டர்தான்.

சறுக்குப்பலகை

மேஜை ரம்பத்துடன் வரும் கோண வழிகாட்டி சிறியது. அகலமான பலகையை ஆடாமல் தாங்காது. அதற்குப் பதில் 12 மி.மீ. பிளைவுட்டில் சறுக்குப்பலகை செய்துகொள்ளலாம். ரம்ப மேஜையிலுள்ள இரு காடிகளில் ஓடும்படி அடியில் இரண்டு சட்டங்களை ஒட்டுங்கள். மேலே எதிர்ப்பக்கம் ஒரு கட்டை, உங்கள் பக்கம் ஒரு கட்டை. எதிர்க்கட்டையை நிரந்தரமாகப் பொருத்துங்கள். உங்கள் பக்கக் கட்டையை ஒரு முனையில் ஒரே திருகாலும், மறுமுனையில் கிளாம்பாலும் பிடியுங்கள். பலகையை இந்தக் கட்டையில் சாய்த்துத்தான் அறுக்கப் போகிறோம்.

ஐந்து வெட்டு

ஏறக்குறைய சதுரமான பலகை ஒன்றின் ஒரு பக்கத்தை அறுங்கள். அறுத்த பக்கத்தைக் கட்டையில் சாய்த்து அடுத்த பக்கத்தை அறுங்கள். இப்படியே ஒரே திசையில் திருப்பி நான்கு பக்கமும் முடிந்ததும், முதல் பக்கத்திலேயே ஐந்தாவது முறை ஓர் அங்குலப் பட்டையை அறுத்தெடுங்கள். இரண்டாவது வெட்டு முதல் ஒவ்வொன்றிலும் பிழை சேர்வதால், இந்தப் பட்டையில் அது நான்கு மடங்காகத் தெரியும். இனி வெர்னியர் காலிப்பரே அளந்துவிடும்.

கணக்கு

எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கைத் திறந்து, மி.மீ. அளவில் டைப் செய்யுங்கள்:

ஏ1: பட்டையின் ஒரு முனை அகலம் (25.60)
பி1: மறுமுனை அகலம் (24.80)
சி1: பட்டையின் நீளம் (300)
டி1: திருகிலிருந்து கிளாம்ப் முனை வரை உள்ள தூரம் (450)

ஈ1 செல்லில் கீழ்க்கண்ட ஃபார்முலாவை, செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள்:

=(ஏ1-பி1)/4/சி1*டி1

விடை 0.30. கட்டையின் கிளாம்ப் முனையை 0.30 மி.மீ. நகர்த்த வேண்டும். அவ்வளவு நுணுக்கமாக எப்படி நகர்த்துவது? பிரிண்டரில் போடும் தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. கட்டையைத் தொட்டபடி ஒரு சிறு மரத்துண்டைப் பொருத்தி, கிளாம்பைத் தளர்த்தி, இடையில் மூன்று தாள்களைச் செருகி மீண்டும் இறுக்குங்கள். தாளை உருவிவிட்டு, மறுபடி ஐந்து வெட்டு போட்டுப் பாருங்கள். விடை பூஜ்யத்தை நெருங்கினால் சரி, 0.60 ஆகிவிட்டால் திசை தவறு. அந்த 0.60 அளவுக்கு எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். சரியானதும் இன்னும் சில திருகுகள் போட்டு முடுக்கிவிடுங்கள்.

விரல் முக்கியம்

அறுத்து முடிக்கும்போது ரம்பம் உங்கள் பக்கக் கட்டையைத் துளைத்து வெளியே எட்டிப்பார்க்கும். அந்த இடத்துக்குப் பின்னால் தடிமனான மரக்கட்டை ஒன்றை அவசியம் ஒட்டுங்கள். கை அங்கே போகவே கூடாது. கட்டையை நகர்த்துமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அறுந்த பட்டையை ரம்பம் முழுவதும் நின்ற பிறகே எடுங்கள். ஃபார்முலாவில் தவறு செய்தால் 'அன்டூ' உண்டு. ரம்பத்தில் அது கிடையாது.

இப்போது மாமா டிராயருக்குப் பலகை அறுக்கும் முன் என்னிடம் கேட்பது, "அந்த ஈ1 எவ்வளவு வருதுப்பா?"